சுடச்சுட ஒரு சியா புட்டிங்

"இது என்ன, கறுப்பா கொழகொழன்னு?" என்று ஃப்ரிட்ஜைத் திறந்து பிடித்தபடி கேட்டான் திலீபன்.

"சியா புட்டிங். நாளையிலருந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் மாமாவுக்குக் காலைச் சாப்பாடு," என்றாள் யுவராணி.

ஐந்து எவர்சில்வர் கிண்ணங்கள். மாமனார் தங்கப்பாண்டியனுக்குச் சர்க்கரை கூடிவிட்டது, இட்லியைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து யுவராணிக்கு இதே யோசனை. வழி சொன்னது கூட வேலை பார்க்கும் பெனிஷா. பாலில் சியா விதையை ஊறப்போட்டு, குமுளியிலிருந்து வந்த கொக்கோ பொடி, ஆரஞ்சுச் சாறு, துருவின தோல் கொஞ்சம், இனிப்புக்கு இரண்டு பேரீச்சை. அடுப்பே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கலக்கி வைத்தால் அந்த வாரம் முழுக்க ஓடும்.

மாமனாருக்கு ஆரோக்கியம் என்பது உண்மைதான். அவளுக்கு வேண்டியது வேறு. தூக்கம். பேர்தான் யுவராணி, கல்யாணமான நாளிலிருந்து பழனிசெட்டிபட்டியில் சேவலுக்கு முன்னால் எழுந்திருக்கிறவள் அவள்தான். போன வாரம் போடி ஏலக்காய்க் கம்பெனியில் பில் போடும்போது கம்ப்யூட்டர் விசைப்பலகையிலேயே நெற்றியைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். கோட்டயத்து வியாபாரிக்குப் போன பில்லில் மூட்டைக் கணக்கு ஒரு முழ நீளத்துக்கு இருந்தது. "இன்னொரு தடவை தூக்கம் வந்தா வீட்டுலயே இருந்து தூங்கிக்கங்கம்மா," என்று மேனேஜர் பணிவாகச் சொன்னார். அந்தப் பணிவுதான் அவளைப் பயமுறுத்தியது.

"அய்யய்யோ, அப்பா பழசு தொடமாட்டாகளே!" என்றான் திலீபன்.

"நீங்க ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்."

"கேக்குறேன். எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதான். அவுகளுக்காகத்தான் சொல்றேன்."

அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசுவது, "சாப்பிட வாங்க மாமா", "சரித்தா" என்ற இரண்டோடு முடிந்துவிடும். மரியாதை. மிச்சப் பேச்செல்லாம் திலீபன் வழியாகத்தான் போய் வரும். இப்போதும் முன்னறைக்குப் போனான், வந்தான்.

"அன்னன்னிக்குச் செய்யணுமாம். சுடச்சுட இருக்கணுமாம்."

சூடுதானே, காட்டிவிட்டால் போச்சு என்று மறுநாள் கிண்ணத்தை வெந்நீரில் இறக்கினாள். பாலோடு ஆரஞ்சுச் சாறு இருப்பது அந்தத் தூக்கக் கலக்கத்தில் எங்கே ஞாபகம் வந்தது! திரிந்து, கட்டி கட்டியாகி, சுவரொட்டிப் பசை மாதிரி நின்றது. தங்கப்பாண்டியன் அதைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார், "சரித்தா" என்றார்.

"அப்பா முகத்தப் பாத்தியா? பாவமா இருக்கு," என்றான் திலீபன். "கூட நாலு தோச சுட்டு வச்சிரு. சூடா."

அன்று ராத்திரியே ஆரஞ்சு இல்லாமல் புதிதாகக் கலக்கி வைத்து, அடுத்த நாளிலிருந்து ஆரஞ்சை மட்டும் காலையில் பிழிந்தாள். கூடவே தோசை. தோசை என்றால் சட்னி. மாமனார் அரைத் தோசையோடு கையை எடுத்துவிடுவார். வீணாகப் போகக்கூடாதே என்று மிச்சத்தைத் திலீபன் சாப்பிட்டான். வேலையைக் குறைக்க வந்த புட்டிங், வேலையைக் கூட்டிவிட்டு ஃப்ரிட்ஜுக்குள் ஜில்லென்று உட்கார்ந்திருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான்.

போடி பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினாள். கண்டக்டர் தட்டி எழுப்பி இறக்கிவிட்டார்.

"சட்னிய முந்தின நாளே அரச்சு வச்சிருங்கக்கா," என்றாள் பெனிஷா. "ஏழு மணிக்குத் தோச சுட எம்புட்டு நேரமாகும்?"

அப்படியே செய்து, ஒரே ஒரு நாள் ஆறு மணி வரை தூங்கினாள். அன்றைக்கே திலீபன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அப்பா அஞ்சு மணிக்கே எந்திரிச்சு உக்காந்திருக்காக. அடுப்படியில சத்தமே கேக்கலையாம். பழசத்தான் குடுக்குறியோன்னு நெனைக்கிறாகபோல."

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து வெறும் மிக்சியை ஓடவிட்டாள். வெறும் மிக்சியின் முன்னால் நின்றபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சமைப்பதற்காக எழுந்திருப்பது ஒரு கொடுமை. சமைப்பதுபோல் நடிப்பதற்காக எழுந்திருப்பது அதைவிடப் பெரிய கொடுமை.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். செல்போனில் மிக்சிச் சத்தத்தைப் பதிவு செய்தாள். பின்னாலேயே இரண்டு குக்கர் விசில். யாரும் சந்தேகப்படக் கூடாதே என்று கடைசியில் கரண்டி ஒன்று கீழே விழும் சத்தம். அதை ஐந்து மணிக்கு அலாரமாக வைத்து, போனை அடுப்படி அலமாரியில் மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

அடுத்த இரண்டு காலையும் அவள் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, அதைச் சாகும்வரை மறக்கமாட்டாள். கம்பெனியில் பில் எல்லாம் சரியாக வந்தது. மேனேஜர்கூடச் சிரித்தார்.

மூன்றாம் நாள் காலையில் கரண்டு போனது.

மின்விசிறி நின்றதில் யுவராணிக்கு அரைகுறையாக விழிப்பு வந்தது. நல்ல இருட்டு. அந்த இருட்டில் அடுப்படியில் மிக்சி அலறிக்கொண்டிருந்தது.

துள்ளி எழுந்தாள். தங்கப்பாண்டியன் லோயர் கேம்ப் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரண்டு இல்லாத வீட்டில் மிக்சி ஓடினால், ஊரில் எவர் விட்டாலும் அவர் விடமாட்டார்.

ஓடினாள். மாமனார் டார்ச்சும் கையுமாக அடுப்படியில் நின்றிருந்தார். வெளிச்சம் மிக்சியின் மேல் இருந்தது. அதன் வயர் சுருட்டி ஓரமாகக் கிடந்தது. அவர் வயரைப் பார்த்தார், மிக்சியைப் பார்த்தார், ஸ்விட்ச் போர்டைப் பார்த்தார். அப்போது குக்கர் விசில் அடித்தது. வெறும் அடுப்பைப் பார்த்தார். தொட்டாற்போல் கரண்டி விழவும், ஓரடி பின்வாங்கி, "முருகா!" என்றார்.

யுவராணி டப்பாவைத் தள்ளி, போனை எடுத்து அணைத்தாள். வீடு அமைதியானது. படுக்கையறையிலிருந்து திலீபனின் குறட்டை மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது.

"மன்னிச்சிருங்க மாமா," என்று ஆரம்பித்தவளுக்கு நிறுத்த முடியவில்லை. புட்டிங், வெந்நீர், தோசை, வெறும் மிக்சி, கம்பெனியில் வாங்கிய பேச்சு எல்லாம் கொட்டிவிட்டாள். இத்தனை வருஷத்தில் மாமனாரிடம் அவள் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது. "என்னால முடியல மாமா. ஒரு மணி நேரம் கூடத் தூங்கினாப் போதும்னு இருந்துச்சு. உங்களுக்குப் பழசு ஆகாதுன்னாக, அதான் இப்பிடிப் பண்ணிட்டேன்."

தங்கப்பாண்டியன் அங்கேயே அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார். டார்ச்சை அணைத்தார்.

"யாரு சொன்னது, எனக்குப் பழசு ஆகாதுன்னு?"

"அவுகதான் மாமா."

குறட்டை வந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அலுத்துப்போன குரலில் அவர் சொன்னார்:

"பழசுன்னா எனக்கு உசுருத்தா, அஞ்சு மணிக்கே எந்திரிச்சுக் காத்திருந்து நீ சுடச்சுடக் குடுக்குறதச் சாப்பிடலேன்னா மருமக மனசு ஒடஞ்சு போகும்னு அவன்தான சொன்னான், நானும் எட்டு மணி வரைக்கும் தூங்கி வருசக்கணக்காச்சு!"