பெத்ரவேலாவுக்கு ஒரு கொலை தேவை

மலையூரான பெத்ரவேலாவில் முதலில் ரயிலை நிறுத்தினார்கள். ஊர் முன்னேறிவிட்டதால் இனி அவரவர் காரில் போவார்கள் என்றார்கள். அடுத்து தபால் நிலையத்தை மூடினார்கள். ரயிலே வராத ஊருக்குத் தபால் எதற்கு? பிறகு பள்ளிக்கூடம், தபால் வராத ஊரில் எழுத்துப் படித்து என்ன செய்ய? கடைசியாக டாக்டரைத் தூக்கினார்கள். அதற்குக் காரணம்கூடச் சொல்லவில்லை. கேட்க ஆளில்லை என்று நினைத்துவிட்டார்கள்.

பெல்மிரோ இருந்தார். நாட்டைச் சர்வாதிகாரி ஆண்ட காலத்திலேயே கல்குவாரித் தொழிலாளர்களைத் திரட்டிச் சிறைக்குப் போனவர். அவர் மனைவி எத்தெல்வினாவுக்கு மூச்சிரைப்பு. மலையிறங்கி நகரத்து ஆஸ்பத்திரியைப் பார்ப்பதற்குள் பாதி உயிர் வழியிலேயே போய்விடும். பெல்மிரோ மனுவுக்கு மேல் மனு போட்டார். பதிலுக்கு ஐரோப்பியத் தலைமையகமான பிரசல்ஸிலிருந்து ஓர் அதிகாரியே வந்து இறங்கினார். பெயர் ஃபாவுஷ்து. பதவி, ஐரோப்பியப் பொதுப் பண்பாட்டு உணர்வு ஆணையத்தின் துணை இணை இயக்குநர்.

தெயோலிந்தாவின் காபிக் கடையில் உட்கார்ந்து அவர் கேட்டார்: "டாக்டர் வேணும்கிறீங்க. சரி. உங்க ஊர் ஐரோப்பாவில இருக்கா?"

"மேப்பைப் பாருங்கய்யா."

"பார்த்தேன். படிச்சதில்லையே! ஐரோப்பாவைக் கட்டி வெச்சிருக்கிறது எது? மதமா? மொழியா? துப்பறியும் நாவல்! பின்லாந்துக்காரனும் கிரேக்கனும் ஒரே பிணத்தை நினைச்சுத்தான் ராத்திரி போர்வையை இழுத்துக்கிறாங்க. உங்க ஊர்ல எந்த நாவல்லயாவது ஒரு கொலை நடந்திருக்கா?"

"நிஜத்துலயே நடந்ததில்லை."

"நிஜம் எங்க துறை இல்லை."

நாவலில் கொலை நடந்தால் அது ஐரோப்பிய ஊர். ஐரோப்பிய ஊர் என்றால் டாக்டர் உண்டு. நாவலை ஆணையமே எழுதிக்கொள்ளும். ஊர் தகுதி பெற்றால் போதும். தகுதிகளில் முதலாவது, ஓயாத மழை. பெத்ரவேலாவில் குழாயே காய்ந்து கிடந்த கோடை அது. தீயணைப்பு வண்டி வந்து சதுக்கம் முழுக்கப் பீய்ச்சி அடித்தது. பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். மழையைப் பிடிக்க அனுமதி இல்லை என்று விரட்டப்பட்டார்கள்.

இரண்டாவது தகுதி, மணவிலக்கான போலீஸ்காரர்.

"எனக்கும் என் பொண்டாட்டிக்கும் சண்டையே இல்லீங்களே," என்றார் சார்ஜெண்ட் அபிலியோ.

"பொதுநலன் கருதி ஒரு வருஷம் பிரிஞ்சிருங்க."

"ஒரு வருஷம்தானா? நீட்டிப்பு கிடைக்காதா?" என்று கேட்டபடி அவர் மனைவி கிராசா கணவனின் பெட்டியை வாசலில் வைத்தாள்.

எதிரியின் ஆயுதத்தை அறிவதற்காக பெல்மிரோ துப்பறியும் நாவல்களை இரவல் வாங்கிப் படித்தார். முதல் நாவலை எள்ளலோடு படித்தார். நான்காவதை அடுப்பில் சூப் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் படித்தார்.

"நான் இங்க இருமிச் சாகிறேன். எவளோ மாளிகையில செத்தவளுக்காக நீங்க கண் முழிக்கிறீங்க," என்றாள் எத்தெல்வினா.

"சும்மா இரு. தோட்டக்காரன் பொய் சொல்றான்."

நாவலில் கொலையாளி யார் என்பதில்தான் சிக்கல் வந்தது. எங்கள் குடிமகன் கொலைகாரனாக இருக்கக் கூடாது என்று ஆணையத்தின் உறுப்பு நாடுகள் எல்லாம் மறுப்புக் கடிதம் அனுப்பின. சாகப்போவது ஓர் ஆணைய அதிகாரி என்று பிறகு தெரிந்தது. உடனே அதே நாடுகள், கொல்லும் கௌரவம் எங்களுக்கே என்று போட்டி போட்டன. ஐரோப்பா அவ்வளவு ஒற்றுமையாக இருந்து யாரும் பார்த்ததில்லை. ஃபாவுஷ்து கண் கலங்கினார்.

ஒருவழியாக நாவல் முடிந்தது. வாக்களித்தபடி டாக்டர் செலியா குவரெஷ்மா வந்து சேர்ந்தார். வந்த அன்றே எத்தெல்வினாவின் நெஞ்சைச் சோதித்து மருந்து கொடுத்தார். எத்தெல்வினா அன்று இருமாமல் தூங்கினாள். பெல்மிரோ தன் வாழ்நாளில் முதல் முறையாக அரசுக்கு நன்றிக் கடிதம் எழுதினார்.

மறுநாள் கொலையாளியின் பெயரை அறிவிக்க ஊரை மன்றத்தில் கூட்டினார்கள். ரயிலுக்காக பெல்மிரோ கூட்டிய கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். இன்று ஜன்னலில்கூட ஆட்கள் தொங்கினார்கள். அறிவிப்புக்குச் சாட்சிகளாகத் தெயோலிந்தாவும் புது டாக்டரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

ஃபாவுஷ்து உறையை உயர்த்திப் பிடித்தார். "போட்டி போட்ட எந்த நாட்டுக்கும் வருத்தம் வரக் கூடாது. ஆகவே யாருமே கேட்காத ஒருவரை ஆணையம் தேர்ந்திருக்கிறது. விதிப்படி, கதையின் நம்பகத்தன்மை கருதி, கொலையாளி இன்றே ஊரை விட்டு நீக்கப்படுவார்."

"அபிலியோதான்!" என்றாள் கிராசா நம்பிக்கையோடு.

"வாசகர் துளியும் சந்தேகப்படாதவர். இந்த ஊரில் எவரோடும் பகை இல்லாதவர். வந்த நாளிலிருந்து நன்மை மட்டுமே செய்தவர்."

பெல்மிரோ முன்வரிசையைப் பார்த்தார். நாற்பது நாவல் படித்தவருக்கு இதற்கு மேல் துப்பு வேண்டாம். நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் எழுந்தார். சுற்றிலும் ஊரே தரையை உதைத்தது. "பேரைச் சொல்லு! பேரைச் சொல்லு!" முன்வரிசையில் டாக்டரும் நகத்தைக் கடித்தபடி உதைத்தார். பெல்மிரோவின் வாய் திறந்தது. அதிலிருந்து வந்ததும் அதேதான்: "பேரைச் சொல்லுய்யா!"

ஃபாவுஷ்து உறையைக் கிழித்து, சாட்சிகள் இருவரும் தெளிவாகக் கேட்கும்படி வாசித்தார்: "செலியா குவரெஷ்மா."