அவளுடைய கைத்தடி

"மறுபடியும் உள்ள வச்சிருக்க பாரு!" என்று பையைக் கவிழ்த்தார் மாஸ்டர். பைனாகுலர், விசில், நைலான் கயிறு, பட்டப்பகலில் நடப்பதற்கு இரண்டு டார்ச் எல்லாம் கட்டிலில் உருண்டன. கடைசியாக அந்த மடக்குக் கைத்தடி, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி வந்து விழுந்தது.

"டாக்டர் சொன்னாருங்க," என்றாள் மனைவி.

"அவர் ஆயிரம் சொல்வார். தடி ஊன்றினா, கிழவன்னு நானே போர்டு மாட்டிக்கிட்ட மாதிரி."

"யாரு பார்க்கப் போறாங்க? காட்டுல மானும் முயலும்தானே?"

"உன் தம்பி கேப்பான்."

அதுதான் விஷயம். போன வாரம் சாப்பிட வந்த மச்சினன் சும்மா போயிருக்கலாம். "அத்தான், அந்தச் சரணாலயத்துல ஜீப் விடறாங்க. உங்க முட்டிக்கு அதுதான் சரி," என்றுவிட்டான். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொள்பவர்கள் மறந்த பிரேக்கையெல்லாம் மாஸ்டர் பக்கத்து சீட்டிலிருந்து மிதித்து மிதித்தே தேய்ந்த முட்டி அது. அதைப் பார்த்தா ஜீப்? காவல் கோபுரம் வரை நடந்தே போய், அங்கிருந்து போன் போடுவதாக மாஸ்டர் சபதம் செய்துவிட்டார். போன தடவை ஓடையோடு திரும்பியது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ரகசியம்.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. 'எனக்கெதுக்குக் கண்ணாடி?' என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் அவள் வாதாடுவதே கிடையாது. "வேண்டாம் சார், சும்மா கையில வச்சிருங்க," என்பாள். போகும்போது அவர்கள் மூக்கில் கண்ணாடி இருக்கும்.

"சரி, இது எனக்கு," என்று தடியை எடுத்துத் தன் பையில் செருகிக்கொண்டாள்.

"உனக்கென்ன கேடு? மாடிப்படியில ஓடற ஆளு!"

"ஓடறவளுக்குத்தான் வழுக்கும்."

சரணாலய வாசலில் வனக்காவலர் விசிலை வாங்கி வைத்துக்கொண்டார். "உள்ள யாருக்கும் பாடம் நடத்த வேண்டாம் சார்."

மாஸ்டர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அவள் தடியைத் தட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். ஓடைக்கு முன்பே முட்டி முனகத் தொடங்கியது. அவர் ஒரு மரத்தை ரசிக்கிற சாக்கில் நின்றார். அடுத்த மரத்தையும் ரசித்தார். அந்த அளவுக்கு ரசிக்க அதில் ஒன்றும் இல்லை.

"ஏங்க, இதக் கொஞ்சம் பிடிங்க. லேஸ் அவுந்துடுச்சு."

பிடித்தார். அவள் ஷூ லேஸைக் கட்டினாள். பிறகு ஒரு பட்டாம்பூச்சியைப் போட்டோ எடுத்தாள். பிறகு அவர் கழுத்திலிருந்த பைனாகுலரையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"உன் தடி?"

"ரெண்டு கையிலயும் வேலை இருக்கே. ஒரு நிமிஷங்க."

அந்த ஒரு நிமிஷம் ஓடையைத் தாண்டியது, மூங்கில் புதரைச் சுற்றியது, மேடும் ஏறியது. மாஸ்டர் சும்மா இருப்பாரா? சிலந்தி வலையை விலக்கினார். தண்ணீரில் ஆழம் பார்த்தார். கிளையில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி சிக்னல் காட்டாமல் திரும்பியதைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தார். நடுநடுவே, போகிற போக்கில், ஊன்றவும் செய்தார்.

"மெதுவாப் போங்க, என்னால முடியல."

"இதுக்கே மூச்சு வாங்குதா உனக்கு?" அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

மரங்கள் விலகின. கோபுரம் தெரிந்தது. அதன் கீழே ஏரி, கரையெல்லாம் மான்கள். மாஸ்டர் போனை எடுத்தார்.

"டேய் மச்சான்! கோபுரத்துக்கிட்ட நிக்கறேன். நடந்தே வந்தேன்! ஜீப்பும் இல்ல, தடியும் இல்ல!" என்று முழங்கினார், தடியின் மேல் முழு உடம்பையும் சாய்த்தபடி. "உன் அக்காதான் பாவம், தடியோட..."

அப்போதுதான் தன் கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. அவள் மான்களையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, வைக்கறேன்டா," என்றார்.

"ஏங்க, அடுத்த மாசம் அருவி வரைக்கும் போலாமா?"

"அது இன்னும் தூரமாச்சே. உன்னால முடியுமா?"

"அதான் தடி இருக்கே."

காருக்குத் திரும்பி வந்ததும் அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தாள். மாஸ்டர் தடியின் நுனியிலிருந்த சேற்றைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். மடக்கினார். டார்ச்சுகளை ஓரமாகத் தள்ளி, தன் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.