உறை பிரிக்காத பதினெட்டு நாற்காலிகள்

முதலாளிகளில் பல ரகம் உண்டு. சட்டமே தெரியாதவர்கள், தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பவர்கள், இவர்களையெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது வேறு ரகம்: தொழிலாளர் சட்டத்தில் ஒரு புள்ளி மாறினாலும் பல் துலக்குவதற்கு முன்பே தெரிந்துகொள்கிறவர். இவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘அப்டேட் முதலாளி’.

மூன்று மாடித் துணிக்கடைக்குச் சொந்தக்காரர். கண் விழித்ததும் கண்ணாடியைத் தேடுவார், கண்ணாடி கிடைத்ததும் கைபேசியைத் தேடுவார், நேற்று மாலை வந்த அரசாணையை வணிகர்கள் குழுவில் போட்டு, ‘இன்னுமா பார்க்கலை?’ என்று நான்கு பேரைச் சீண்டிவிட்டுத்தான் காபியே குடிப்பார். கருத்தரங்கு எங்கே நடந்தாலும் முதல் வரிசை. விடுப்புச் சட்டத்துக்கு மஞ்சள் கோப்பு, பணியிட வசதிக்குப் பச்சைக் கோப்பு. புகார்க் குழு வேண்டும் என்றது சட்டம், அமைத்துவிட்டார். தலைவி, அவர் மனைவி. உறுப்பினர், மைத்துனர். புகார் சொல்லத்தான் ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்?

அடுத்து, கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் மாறியது. மூன்றாம் நாளே பதினெட்டு நாற்காலிகள் வந்து இறங்கின. பாலிதீன் உறையோடு அவற்றைக் கிடங்கில் அடுக்கி, படம் எடுத்து, பச்சைக் கோப்பில் சேர்த்த பிறகுதான் அவருக்கு நிம்மதி.

குழந்தைகள் உடைப் பிரிவில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து நின்றதில் செருப்புக்குள் கால் நுழையவில்லை.

“சார், கால் ரொம்ப வீங்குது. ஒரு நாற்காலி கிடைக்குமா?”

“என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? பதினெட்டு வாங்கி வெச்சிருக்கேன்!”

“எங்க சார்?”

“கிடங்குல. இப்பவே போட்டா அழுக்காயிடும். ஆய்வுக்கு வர்றப்ப புதுசா இருக்க வேண்டாமா?”

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவள் குட்டிச் சட்டைகளை மடிக்கப் போய்விட்டாள். நின்றபடியேதான்.

ஒருநாள் தொழிலாளர் துறை ஆய்வாளர் அம்மா சொல்லாமல் வந்து நின்றார். வாசலில் பழச்சாறு கொடுத்து அவரை உபசரித்த பத்து நிமிடத்தில் நாற்காலிகள் மாடியேறிவிட்டன. எல்லாரும் உடனே உட்கார வேண்டும் என்று உத்தரவு. முதலாளி மட்டும் பச்சைக் கோப்போடு நின்றார். கர்ப்பிணிப் பெண் கொஞ்சம் அசைந்தாள். உறை சரசரவென்றது.

“தினமும் இப்படி உட்காருவீங்களாம்மா?” என்றார் ஆய்வாளர்.

முதலாளி அவளைப் பார்த்தார். அவள் தன் கால்களைப் பார்த்தாள். வேலை போய்விடுமோ என்று பயம்தான்; ஆனாலும் வாயில் வந்துவிட்டது.

“இன்னிக்குத்தான் மேடம் முதல் தடவை. எந்திரிக்கவே மனசு வரல.”

‘முன்னறிவிப்பு இல்லாமல் மறுபடி வருவேன், இந்தப் பெண் இதே பிரிவில், இதே நாற்காலியில் இருக்க வேண்டும்’ என்று எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார் ஆய்வாளர். அன்றிலிருந்து நாற்காலிகள் மாடியிலேயே இருக்கின்றன. அவளும் உட்கார்ந்துதான் சட்டை மடிக்கிறாள். முதலாளி பாடம் கற்றுக்கொள்ளாமல் இல்லை. அன்று மாலையே வணிகர்கள் குழுவில் போட்டார்: ‘முக்கிய அப்டேட்: ஆய்வுக்கு முன் நாற்காலி உறையைக் கழற்றிவிடவும்.’

சிரிக்கிறீர்களா? சௌகரியமாகச் சாய்ந்துகொண்டுதானே இதைப் படிக்கிறீர்கள்? நல்லது. உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வருகிற அக்கா, இத்தனை வருஷத்தில் உங்கள் நாற்காலிகளில் எதில் உட்கார்ந்திருக்கிறார்? யோசித்துச் சொல்லுங்கள். அவசரமில்லை, அவர் நின்றுகொண்டுதான் இருப்பார்.