பூவனலிங்கம் அர்த்தம் சொன்ன இந்திப் படம்

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் மகள் கல்யாணத்தை முடிவு பண்ணிவிடுவது என்று பூவனலிங்கம் திங்கட்கிழமையே ஒரு தீர்மானம் எடுத்தார். தீர்மானம் எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள கோவில்பட்டியில் ஆள் கிடையாது. எடுத்த தீர்மானத்தை வைக்கத்தான் வீட்டில் இடம் கிடையாது.

மாப்பிள்ளை தேடி அலைய வேண்டியதில்லை. ஓட்டப்பிடாரத்தில் அக்கா மகன் செல்வக்குமார் இருக்கிறான். உரக்கடை வைத்திருக்கிறான். குனிந்த தலை நிமிராத பையன். செல்போனைப் பார்த்துக் குனிந்த தலை என்பது வேறு விஷயம். மகள் இந்துஜாவுக்கு இருபத்தாறு வயது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. முறை இருக்கிறது, வயது இருக்கிறது. இல்லாதது மாரிசெல்வியின் சம்மதம் ஒன்றுதான்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?" என்றாள் மாரிசெல்வி.

"என்னத்தக் கேக்க? ஒங்கிட்ட கேட்டா ஒன்னை எனக்குக் கட்டி வச்சாவ?"

"கேட்டிருந்தா நான் வேற மாதிரில்லா சொல்லியிருப்பேன்."

இப்படித்தான் இருபத்தெட்டு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தது.

பூவனலிங்கத்துக்குப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. புதூர்ப் பக்கத்து விவசாயச் சம்சாரிகள் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தால்தானே மோட்டார் ஓடும், ஓடினால்தானே எரியும்? ஆகவே தொழில் சுமார்தான். ஆனால் அவருக்கு இன்னொரு பெருமை இருந்தது. அவருக்கு இந்தி தெரியும்.

தெரியும் என்றால், அவர் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் பதினொரு மாதம் பம்பாயில் இருந்தவர். தாராவியில் ஒரு இட்லிக் கடையில் மாவாட்டினார். முதலாளி சாத்தான்குளம். சரக்கு மாஸ்டர் நாசரேத். சாப்பிட வந்தவர்கள் எல்லாம் திருச்செந்தூருக்கும் தென்காசிக்கும் நடுவில் பிறந்தவர்கள். அந்தப் பதினொரு மாதத்தில் அவர் கற்றுக்கொண்டவை நான்கு வார்த்தைகள்: நஹி, பானி, சலோ, ஜல்தி. இந்த நாலையும் வைத்து இருபத்தெட்டு வருஷம் ஓட்டிவிட்டார். ஒருமுறை ஸ்டேஷனில் வழி தெரியாமல் நின்ற வடநாட்டுக் குடும்பத்துக்கு "சலோ சலோ" என்று வழிகாட்டி ரயிலேற்றி விட்டார். மதுரைக்குப் போக வேண்டியவர்கள் திருநெல்வேலிக்குப் போனார்கள். அவர்கள் கையசைத்துக்கொண்டே போனதை மட்டும் வீட்டில் வந்து சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் மாரிசெல்வி தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இந்துஜா ஒரு இந்திப் படம் பாக்கச் சொன்னா. காதல், கல்யாணம், படம் முச்சூடும் பாட்டாம். நாளைக்கு மத்தியானம் பாப்பமா? நீங்கதான் எனக்கு அர்த்தம் சொல்லணும்."

பூவனலிங்கத்தின் தலைக்குள் ஒரு காயில் புகைந்தது.

"கீழ எழுத்து ஓடும்லா?"

"அது இங்கிலீஷுல்லா ஓடும். படத்தையும் மறைக்கும். நீங்க இருக்கையில எழுத்து எதுக்கு?"

அவர் நேராகப் பக்கத்துக் கடை கார்த்திகேசனிடம் போனார். கார்த்திகேசன் சைக்கிள் கடைக்காரர். அதே இட்லிக் கடையில் சட்னி அரைத்தவர். உண்மை தெரிந்த ஒரே ஆள்.

"இதுக்கா அண்ணாச்சி இப்படி வேர்க்குது?" என்றார் கார்த்திகேசன். "ஒமக்கும் இந்தி தெரியாது. மதினிக்கும் தெரியாது. ரெண்டு பேருக்கும் தெரியாத படத்துல என்ன கதைன்னு யாரு முடிவு பண்ணுவா? வாயத் தொறந்து பேசுதவன்தான்."

பூவனலிங்கம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அடடா! படத்தையே அக்கா மகன் கல்யாணமாக மாற்றிவிட்டால்? கதாநாயகி வாயாலேயே "அப்பா காட்டுத பையனைத்தான் கட்டுவேன்" என்று சொல்ல வைத்துவிட்டால்? பம்பாய்க்காரர்கள் கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படம் ஓட்டப்பிடாரம் உரக்கடைக்குப் பயன்படப்போகிறது!

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு. சாப்பிட்டு முடித்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஒரு பெரிய வீடு, ஒரு ஏரி, மஞ்சள் பாவாடையில் படிக்கட்டிறங்கி ஓடிவந்து ஒரு பெண் பாடினாள். பின்னாலேயே ஒருவன் கிளாரினெட் வாசித்தான்.

"இவன் யாரு?"

"கல்யாண வீட்டுல பேண்டு வாசிக்கவன். வில்லன்."

"வில்லன் பாட்டுப் பாடுதான்?"

"இந்தியில வில்லன்தான் பாடுவான்."

"கூடச் சேந்து அவளும் பாடுதாளே?"

"பயத்துல."

"அஞ்சு நிமிசமாப் பயப்படுதா. அதுவும் சிரிச்சுக்கிட்டே."

பூவனலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். நல்லவேளை, திரையில் பெரிய மீசையோடு பெண்ணின் அப்பா வந்தார். கூடவே கண்ணாடி போட்ட ஒரு சாதுப் பையன்.

"இந்தா, இவன்தான் அத்தை மகன்," என்று பூவனலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தங்கமான பிள்ளை. சொந்தமா யாவாரம். அவளுக்கு இவன்மேல உசுரு."

அந்த நேரம் பார்த்துக் கதாநாயகி கண்ணாடிக்காரன் கையில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டி, வாயில் லட்டை ஊட்டினாள்.

"என்ன கயிறு அது?"

பூவனலிங்கம் ஒரு வினாடிதான் யோசித்தார்.

"தாலி. வடக்க கையிலதான் கட்டுவாவ. பொண்ணுதான் கட்டும்."

"அப்பக் கல்யாணம் முடிஞ்சிருச்சா? படம் இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கே?"

"இனிமத்தான குடும்பக் கஷ்டம்."

மாரிசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

திரையில் அப்பாக்காரர் உறவுக்காரர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். ஷாதி, ஷாதி என்று வார்த்தைக்கு வார்த்தை வந்தது.

"ஷாதின்னா?"

"சாதிதான். சொந்தத்துக்குள்ளதான் கட்டணும்ங்காரு."

"அந்த அத்தைக்காரியும் ஷாதிங்கா. பேண்டுக்காரனும் ஷாதிங்கான். லட்டு கொண்டு வாரவனும் ஷாதிங்கான்."

"வடக்க எல்லாருக்கும் அதே பேச்சுதான். இங்கனய விட மோசம்."

"பேட்டி பேட்டிங்காரே, அது?"

"பொண்ணைப் பேட்டி எடுக்கணும்ங்காரு."

மாரிசெல்வி அவர் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா? அவரே சொல்லுதாரு. பொண்ணுகிட்ட கேக்காமக் கட்டக்கூடாதுன்னு."

தான் எழுதிய வசனத்தில் தானே இடறி விழுந்தார் பூவனலிங்கம். இனி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அடுத்த பெரிய காட்சியில் ஒரே போடாகப் போட்டுவிட வேண்டும். வசனத்தைத் தயார் பண்ணியும் வைத்தார்: "அத்தை மகனை விட்டா ஒனக்கு யாரும்மா பொருத்தம்?"

அந்தக் காட்சி வந்தது. பாட்டு, பேண்டு எல்லாம் நின்றுபோயிற்று. வாசலில் கதாநாயகி. சற்றுத் தள்ளித் தலை குனிந்து பேண்டுக்காரன். அவள் குனிந்து அப்பா காலைத் தொட்டாள். அந்தப் பெரிய மீசை நடுங்கியது. தொட வந்த கை அவள் தலைமேல் ஒரு நிமிஷம் நின்றது. கண் கலங்கி, நிறுத்தி நிறுத்தி, அவர் என்னவோ சொன்னார். பூவனலிங்கத்துக்குப் புரிந்தது இரண்டே வார்த்தை. 'பேட்டி' என்றார். மகளைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார் என்பது இதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது. கடைசியில் 'நஹி', அதாவது 'இல்லை' என்றார்.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் மாரிசெல்வி.

தயார் பண்ணிய வசனம் வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் இந்துஜாவை முதன்முதலாகப் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டது ஞாபகம் வந்துவிட்டது. பஸ் திரும்புகிறவரை ஜன்னலுக்கு வெளியே அவள் கை தெரிந்தது. அன்றைக்கு இவர் கடைக்குப் போய், ஷட்டரைத் திறக்காமலே வெகுநேரம் நின்றார். ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

"சொல்லுதாரு..." என்று ஆரம்பித்தார். "'ஒன்னை விட்டா எனக்கு வேற யாரும் இல்ல தாயி. ஒனக்குப் பிடிச்சவனையே கட்டிக்கோ. அவன் எந்த ஊரா இருந்தா என்ன, எந்த பாஷை பேசினா என்ன. ஒன் மொகம் வாடாம இருந்தாப் போதும் எனக்கு.'"

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். மூக்கையும் துடைத்தார்.

மாரிசெல்வி படத்தை விட்டு அவரைப் பார்த்தாள்.

"நீங்களா இருந்தாலும் இதத்தான் சொல்லுவீங்களா?"

"பின்ன? பெத்தவன்லா! சொல்லாம இருக்க முடியுமா?"

மாரிசெல்வி ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள். செல்போனை எடுத்தாள்.

"ஏட்டி இந்து, அப்பா சம்மதிச்சிட்டாவ."

போனுக்குள்ளிருந்து ஒரு கூச்சல் கேட்டது. அப்புறம் அழுகை. அப்புறம் "அப்பா, தேங்க்ஸ்ப்பா, தேங்க்ஸ்ப்பா" என்று சிரிப்பும் அழுகையும் சேர்ந்து. பூவனலிங்கம் எதற்கென்று தெரியாமலே "சரிம்மா, சரிம்மா" என்றார். பாதிக் கல்யாணம் அதிலேயே முடிந்துவிட்டது.

மீதியை மாரிசெல்வி சொன்னாள். பையன் பெயர் நிகில். இந்துஜாவோடு வேலை பார்க்கிறவன். ஊர் ஜபல்பூர். பழக்கம் இரண்டு வருஷம்.

"வடக்கத்திக்காரனா?" பூவனலிங்கம் எழுந்து நின்றார். "செல்வக்குமாருக்கு நான் என்னட்டி பதில் சொல்லுவேன்?"

"அவன்தான் நம்மகிட்ட எப்படிச் சொல்லணும்னு முழிச்சுக்கிட்டு இருக்கான். அவனுக்கு எட்டயபுரத்துல ஒரு டீச்சரம்மாவப் பிடிச்சிருக்கு. ஒங்க அக்காவே போன மாசம் எங்கிட்டச் சொல்லிட்டாவ."

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நான் சம்மதிக்கவே இல்லையே! நான் சினிமாவுக்குத்தாண்டி அர்த்தம் சொன்னேன்!"

"நீங்க சொன்ன அர்த்தம் சினிமாவுல இல்லையே," என்றாள் மாரிசெல்வி.

பூவனலிங்கம் உட்கார்ந்தார்.

"ஷாதின்னா கல்யாணம்; அந்தக் கண்ணாடிப் பையன் அவளுக்கு அண்ணன், அவ கட்டுனது ராக்கி. அந்த அப்பாக்காரரு என்ன சொன்னாரு தெரியுமா? 'இன்னையிலேருந்து எனக்கு மகளே கிடையாது, இந்த வாசல்ல இனிமே கால் வைக்காத'ன்னாரு. இது இடைவேளைதான். இன்னும் ஒண்ணரை மணி நேரம் பாடி, அழுது, மழையில நனைஞ்ச பெறகுதான் அவருக்குப் புத்தி வரும். நான் வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன். நீங்க இடைவேளைக்கு முன்னாலேயே சொல்லிட்டீங்க."

"ஒனக்கு எப்படி இந்தி...?"

"மில்லு ஹாஸ்டல் பிள்ளைய ஜாக்கெட்டு தைக்க வருதுல்லா. ஜார்க்கண்டுப் பிள்ளைய. இந்து விஷயத்தச் சொன்ன அன்னைக்கே நான் படிக்க ஆரம்பிச்சிட்டேன். நாளைப் பின்ன சம்பந்தகாரியோட ரெண்டு வார்த்தை பேசணும்லா?"

ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க டேப் போதும், வாய் எதற்கு என்று பூவனலிங்கம் இத்தனை நாளாக நினைத்திருந்தார். தலை தன்னால் தொங்கியது. நாலு வார்த்தையில் கட்டின கோட்டை. கண் முன்னாலேயே இடிந்து விழுந்தது.

"அப்ப எனக்கு இந்தி தெரியாதுன்னு..."

"யாரு சொன்னா? நீங்க படிச்சது பம்பாய் இந்தி. இது வேற ஊரு இந்தி." மாரிசெல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கல்யாணமான புதுசுல, என் பொண்டாட்டின்னு இந்தியில எப்படிச் சொல்லணும்னு ஒங்ககிட்ட கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இல்லையே."

"'மேரா பானி'ன்னீங்க. எத்தன வருசம் அதை மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்திருக்கேன். போன வருசம்தான் அந்தப் பிள்ளைய சொல்லுச்சு, பானின்னா தண்ணின்னு."

"அது வந்து..." பூவனலிங்கத்துக்குக் காது சிவந்தது. "அன்னைக்கு வாயில அதான் வந்துச்சு."

"இருக்கட்டும். தண்ணிக்கு அலையுத கரிசக்காட்டுல பொறந்தவ நான். அதைவிடப் பெரிய பேரு எனக்கு என்ன வேணும்?"

அவர் அவளைப் பார்த்தார். கையைப் பிடிக்கலாமா என்று ஒரு தீர்மானம் எடுக்கப்போனார். அதற்குள் அவளே பிடித்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு ஜபல்பூரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. பூவனலிங்கம் மீசைக்குக் கறுப்புச் சாயம் அடித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். முதலில் பையன் வந்தான். நல்ல களை. "மாமா, சாப்டாச்சா?" என்றான். தமிழில். பூவனலிங்கத்துக்கு அதிலேயே பாதி மனசு கரைந்துவிட்டது. அப்புறம் பையனின் அப்பா வந்தார். வெள்ளைத் தலை, நல்ல முகம். கைகூப்பிக்கொண்டு இரண்டு நிமிஷம் உருக்கமாகப் பேசினார். பூவனலிங்கமும் கைகூப்பினார். நஹியும் வரவில்லை, பானியும் வரவில்லை.

"என்ன சொல்லுதாவ?" என்று மெதுவாகக் கேட்டார்.

மாரிசெல்வி போனைப் பார்த்து ஒருமுறை சிரித்தாள். இவரைப் பார்த்து ஒருமுறை சிரித்தாள்.

"ஒங்க பொண்ணை எங்க பொண்ணு மாதிரி வச்சுக்கிடுவோம்ங்காவ. கல்யாணத்துக்கு மட்டும் நீங்க மீசைக்குச் சாயம் அடிக்காம வரணுமாம்."

பூவனலிங்கம் மீசையைத் தடவினார். ஜபல்பூரைப் பார்த்தார். மாரிசெல்வியைப் பார்த்தார்.

"ஆமாமா," என்றார். "எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு."