ஏழு கருக்களை நான் கவனித்த வரலாறு

உலகில் உயிர்கள் தோன்றியதற்கு இயற்கை காரணமாக இருக்கலாம். ஆனால் அவை ஒழுங்காக வளர ஓர் அதிகாரி வேண்டும். மாட்டுக் கருக்களைப் பொறுத்தவரை அந்த அதிகாரி நான்தான். பதவியின் பெயர் 'கரு வளர்ப்புச் சூழல் மேம்பாட்டு அலுவலர்'. அறைக் கதவில் இரண்டு வரியாக எழுதியும் கடைசி எழுத்துக்கு இடம் போதவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் பசுவின் சினைமுட்டையைத் தட்டில் கருவாக்கி, இன்குபேட்டர் என்ற பெட்டிக்குள் ஏழு நாள் வளர்ப்போம். உள்ளே பசுவின் வயிற்றுச் சூடு இருக்க வேண்டும். காற்றும் ஈரமும் அளவோடு இருக்க வேண்டும். தேறியதை எடுத்து வேறொரு பசுவின் கருப்பையில் வைப்போம்.

ஒரு நாள் ஒரு பால்பண்ணைக்கார அம்மா வந்தார். பண்ணையின் முதல் பசு கால் முறிந்து செத்துப்போயிருந்தது. அதன் பாலில்தான் பண்ணையே எழுந்ததாம். போட்ட கன்று ஒன்றும் தங்கவில்லை. கால்நடை மருத்துவர் உடனே அதன் சினைமுட்டைப் பையை எடுத்து எங்களுக்கு அனுப்பியதில் பதினான்கு கருக்கள் கிடைத்தன.

"தம்பி, அது வம்சத்துல இனிமே இதுங்க மட்டுந்தான். பார்த்துச் செய்ங்க" என்றார்.

"கவலையே படாதீங்கம்மா. நானே கூட இருக்கேன்" என்றேன். அந்த வாக்கை நான் மீறவே இல்லை என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. ஏழு கருக்கள் என் பொறுப்பில் புது இன்குபேட்டருக்குப் போயின. மீதி ஏழும் டெக்னீஷியன் அக்காவின் பழைய இன்குபேட்டருக்கு. அது பார்க்கத் தகர பீரோ மாதிரி இருக்கும். அக்கா தட்டை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"நடுவுல திறந்து பார்க்க மாட்டீங்களா?"

"எதுக்கு சார்?"

"வளருதா இல்லையான்னு தெரிய வேணாமா?"

"வளர்ந்தா ஏழாம் நாள் தெரியும் சார்."

அறிவியல் மனப்பான்மை இல்லாதவர்களிடம் என்ன பேசுவது.

நான் முதல் நாளே 'நிலைத்தன்மை உறுதிப்படுத்தும் குழு' அமைத்தேன். சூடு நிலையாக இருக்கிறதா என்று அலுவலக நேரத்தில் மணிக்கொரு முறை திறந்து பார்ப்பது என முடிவானது. திறந்து பார்த்தால் சூடு குறைந்திருந்தது. அதிர்ந்துபோன குழு, கூடுதலாக ஒரு வெப்பமானியை உள்ளே வைக்கப் பரிந்துரைத்தது. வைப்பதற்குத் திறந்தோம். அது என்ன காட்டுகிறது என்று பார்க்கத் திறந்தோம். மறுநாள் காற்றின் அளவும் கெட்டிருந்தது. கதவைத் திறந்தால் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று அறிய, திறந்தே வைத்து அளந்தோம்.

மூன்றாம் நாள் இயக்குநர் வந்தார்.

"கரு எங்கய்யா? கண்ணுக்கே தெரியலையே."

"மைக்ராஸ்கோப்ல வச்சாத்தான் தெரியும் சார்."

"அப்ப வைங்க, பார்ப்போம்."

வைத்தோம். பார்த்தார். போட்டோ எடுக்கும்போது அவர் கண்ணை மூடிவிட்டதால் இன்னும் நான்கு எடுத்தோம். வெளிச்சம் போதவில்லை என்று எல்லா விளக்கையும் போட்டோம். கருக்கள் ஒத்துழைப்பு நல்கின.

வீட்டில் இதையெல்லாம் மனைவியிடம் விவரித்தேன்.

"அடுப்புல ஒரு பாத்திரத்தை மூடி வச்சாலே உங்களுக்குக் கை சும்மா இருக்காது. உங்ககிட்டப் போய் இதைக் குடுத்தாங்களா?" என்றாள்.

ஆறாம் நாள் முடிவில் என் பதிவேட்டில் அறுபத்து மூன்று 'தலையீடுகள்' இருந்தன. அக்காவின் பதிவேட்டில் ஒரே வரி: 'வைத்தேன்'. இந்த அலட்சியத்துக்கு விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு குறிப்பாணை அனுப்பினேன்.

ஏழாம் நாள் காலை இரண்டு தட்டுகளும் மைக்ராஸ்கோப்புக்கு வந்தன. அக்காவின் தட்டில் ஐந்து கருக்கள் திரண்டு உருண்டு நின்றன. என் தட்டில் ஏழும் மூன்றாம் நாளோடு வளராமல் நின்றுபோயிருந்தன. மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வெகுநேரம் எதையோ தேடுபவனைப் போலக் குனிந்தே இருந்தேன்.

"இதுல என்ன இருக்கு? ஒப்பீட்டு ஆய்வு வெற்றின்னு எழுதிடுங்க" என்றார் இயக்குநர். எழுதிவிட்டேன்.

வெளியே பெஞ்சில் அந்த அம்மா காத்திருந்தார். அக்காவும் என்னுடன் வந்தார்.

"அஞ்சு தேறியிருக்கும்மா" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி. இந்த அஞ்சையும் யாரு பார்த்துக்கிட்டது?"

அக்கா தரையைப் பார்த்தார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இதை யாரும் திறந்துகூடப் பார்க்கலைம்மா. அக்கா உள்ள வச்சுப் பூட்டினதோட சரி."

"அப்ப மிச்சம் ஒன்பது?"

"ரெண்டு இதுலயே தேறலை. இன்னொரு பெட்டியில இருந்த ஏழும் போயிடுச்சு."

"அடப் பாவமே. அதுங்களைப் பார்த்துக்க ஒரு ஆள்கூடவா இல்லாம போச்சு?"

"இருந்தேம்மா" என்றேன்.