முட்டை மூழ்கவில்லை

உப்பு அதிகம். ஜாடியிலிருந்த முட்டை பாதி உடம்பை வெளியே காட்டிக்கொண்டு ஒய்யாரமாக மிதந்தது.

தராசில் பேட்டரி தீர்ந்துபோனதால் சர்வேயர் உப்பைக் குத்துமதிப்பாகத்தான் அள்ளிப் போட்டிருந்தார். அடுத்தவர் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளக்கிறவருக்கு மனசு கேட்கவில்லை. மச்சினன்தான் போனில் வழி சொன்னான். உப்புத் தண்ணீரில் முட்டையைப் போட்டால் சட்டைப் பொத்தான் அளவுதான் மேலே தெரிய வேண்டும், அதுவே பதம். நாக்கில் விட்டுப் பார்ப்பதெல்லாம் ஓர் அளவா என்று அவரும் முட்டையைப் பிடித்துக்கொண்டார். கீழ்வீட்டுத் தையற்காரம்மாவிடம் ஒன்று கேட்டு வாங்கியும் வந்துவிட்டார்.

தங்கை வீட்டுக்குப் போன மனைவி மதியம் வந்துவிடுவாள். அவள் மாடித் தொட்டியில் வளர்த்த முதல் கேரட்டுகள், மொத்தமே ஏழு. அவற்றை உப்பு நீரில் ஊறப்போட்டுப் பக்குவமாகப் புளிக்கவைத்து, கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவையாவது அவள் வாயால் 'பரவாயில்லையே' என்று வாங்கிவிட வேண்டும். மனுஷனுக்கு அதற்குமேல் ஆசை இல்லை.

ஜாடித் தண்ணீரைக் கேரட், முட்டையோடு குண்டானில் கொட்டி, இன்னும் தண்ணீர் ஊற்றினார். முட்டை இறங்கவில்லை. குண்டானிலிருந்து வாளிக்குப் போனார். அங்கேயும் அதே ஒய்யாரம். மறுபடி போன் போட்டார்.

"நாலு கை உப்புக்கே இப்படியாடா?"

"என்ன உப்பு மாமா?"

"கல்லுப்பு."

"அதுக்கு வீரியம் ஜாஸ்தி. பயப்படாம ஊத்துங்க."

வாளி, குளியலறை டிரம்முக்குள் போயிற்று. குழாயைத் திறந்துவிட்டுக் காவல் நின்றார். தண்ணீர் டிரம் விளிம்பைத் தொட்ட நேரத்தில் குழாய் இருமிவிட்டு நின்றது, மேல்தொட்டி காலி. ஏழு கேரட்டும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. முட்டை மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

மனைவி வந்தாள். கால் கழுவக் குழாயைத் திருகினாள், காற்றுதான் வந்தது. குளியலறைக்குப் போனவள் டிரம்மைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். சர்வேயர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

"உப்பே இல்லையேங்க இதுல."

"உன் நாக்கு சரியில்ல. முட்டை பொய் சொல்லுமா?"

"உங்க கைக்கு ஒரு காரியமாவது..." என்று அவள் ஆரம்பிக்கும்போது வாசலில் கீழ்வீட்டுத் தையற்காரம்மா மூச்சிரைக்க நின்றாள்.

"அண்ணே, அந்த முட்டையைச் சாப்பிட்டுடலையே? போன மாசம் இந்த அக்காதான் எனக்குக் கொடுத்தது, மறந்து அப்படியே கிடந்துது. அது பச்சைத் தண்ணியிலயே மிதக்கும்."