மறுத்தால் வீடு இடியும்

பெட்டிக்குள் செத்துப்போன அந்துப்பூச்சி ஒன்று இருந்தது. பழைய மேயர் யாரோ மறந்துவிட்டுப்போன ஒற்றைக் கையுறை இருந்தது. பட்டயம் மட்டும் இல்லை.

ஹேமோ மூடிவிட்டு மறுபடியும் திறந்தான். அப்போதும் இல்லை.

ஸ்டார்ஹைத் துறைமுகத்தின் உயிரே அந்தத் தோல் சுருள்தான். ராஜா முத்திரை வைத்துக் கொடுத்தது. அது இருக்கும்வரை ஊர்க்காரன் எந்தச் சந்தையிலும் சுங்கம் கட்ட வேண்டாம். ஊர்க் குற்றத்தை ஊரே விசாரிக்கலாம். மேயராகத் தேர்ந்தெடுத்த ஆள் மாட்டேன் என்றால், ஊர் கூடி அவன் வீட்டை இடிக்கலாம்.

தேவாலயத்தில் இருக்கும் அந்தப் பெட்டிக்கு ஒரே சாவி. அது ஊர் எழுத்தன் ஹேமோவின் இடுப்பில்.

இன்று மதியம் மேயர் தேர்தல். புது மேயர் பட்டயத்தின் மேல் கை வைத்துத்தான் சத்தியம் செய்ய வேண்டும்.

எவன் எடுத்திருப்பான்? ஹேமோவுக்கு ஒரே முகம்தான் தோன்றியது. வலை வியாபாரி விமண்ட். நேற்று தேவாலய வாசலில் காரணமே இல்லாமல் சிரித்தவன்.

விமண்டின் பரணில் ஏறி எட்டாவது வலையை உதறிக்கொண்டிருந்தபோது, பின்னால் குரல் கேட்டது.

"என்னய்யா தேடுற?"

"உன்னைத்தான்" என்றான் ஹேமோ, வாயில் வந்ததை. "மத்தியானம் எனக்குக் கை தூக்கணும்."

"அதை என் வலைக்குள்ள பூந்தா கேப்ப?" விமண்ட் சந்தேகமாக மூக்கைச் சொறிந்தான். "சரி, ஆசைப்பட்டுட்ட. நாலு பேர்கிட்ட சொல்லி வைக்கிறேன்."

"வேணாம், நாலு பேர்கிட்டல்லாம்..."

"அட, வெக்கப்படாதய்யா!"

மதியம் பித்தளைக் கொம்பு முழங்கியது. தேவாலயத் தோட்டத்தில் கூடிய மொத்த ஊரும் ஹேமோவுக்குக் கை தூக்கியது. பன்னிரண்டு வருஷமாக அவன் கனவில் கண்ட காட்சி. யாராவது கேட்டால் மட்டும், "எனக்கெதுக்குப்பா அதெல்லாம்" என்பான்.

பழைய மேயர் ஆல்ரெட் சிவப்பு அங்கியை நீட்டினார். "வா ஹேமோ. பட்டயத்தை எடுத்துட்டு வா, சத்தியத்தை முடிச்சிடலாம்."

ஹேமோ இடுப்புச் சாவியைப் பொத்திக்கொண்டான். பட்டயம் காணோம் என்று தெரிந்தால், சாவிக்காரன் கழுத்துக்குத்தான் கயிறு.

"எனக்கு... இந்தப் பதவி வேண்டாம்."

"காலையில பரண் ஏறி வந்து கேட்டியே!" விமண்ட் முன்னால் வந்தான். "எங்கயோ உதைக்குதே!"

ஆல்ரெட் அங்கியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "மறுத்தா என்னன்னு தெரியும்ல? கொக்கியை எடுங்கப்பா."

தீப்பிடித்தால் கூரையைப் பிய்ப்பதற்கென்று வைத்திருந்த நீளக் கொக்கிகள் ஹேமோவின் வீட்டுக்குக் கிளம்பின. மனைவி கோட்லீவ் செப்புப் பானையைக் கட்டிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். முதல் கொக்கி வைக்கோல் கூரையில் பாய்ந்தது.

"நிறுத்துங்க!" ஹேமோ அலறினான். "என் வீட்டை இடிக்க என்ன உரிமை? பட்டயத்துல இருக்குன்னா பட்டயத்தைக் காட்டுங்க!"

"சாவி உன்கிட்டதானய்யா இருக்கு?" என்றார் ஆல்ரெட்.

"இருக்கு. பட்டயம்தான் காணோம்."

ரொட்டிக்காரன் மீன்காரனை ஓரக்கண்ணால் அளந்தான். மீன்காரன் பாதிரியாரை அளந்தான். பாதிரியார் விமண்டைப் பார்த்தார். கடைசியில் எல்லாக் கண்களும் ஹேமோவின் இடுப்புச் சாவியில் வந்து நின்றன.

"இவனை விசாரிங்க!" என்றான் விமண்ட்.

"எப்படி விசாரிக்கிறது? அந்த உரிமையும் அதுலதான் இருந்துச்சு." ஆல்ரெட் சோர்ந்துபோனார். "பட்டயம் இல்லைன்னா எதுவும் இல்ல. கொக்கியை உருவுங்கப்பா."

ஹேமோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கொக்கியை உருவினார்கள். ஒரு கத்தை வைக்கோல் வந்தது. கூடவே ஒரு தோல் சுருளும் வந்து ஆல்ரெட்டின் காலடியில் விழுந்தது. பச்சை அரக்கு முத்திரை சிதையாமல் இருந்தது.

"ஓகோ, வீட்டுலயே வச்சுக்கிட்டுத்தான் என் வலையை உதறுனியா?"

"ஆண்டவன் சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது!"

ஆல்ரெட் சுருளைப் பிரித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பட்டயம் கிடைச்சாச்சு. உரிமையும் திரும்பி வந்தாச்சு. இழுங்கப்பா கூரையை!"

"ஐயோ வேணாம்! நானே மேயரா இருக்கேன்! பன்னெண்டு வருஷமா இதுக்குத்தான் தவம் கிடக்கேன்!"

கோட்லீவின் கையிலிருந்து பானை நழுவி உருண்டது.

"அட மனுஷா! 'அந்தப் பதவியைக் குடுத்தாலும் மாட்டேன்னுடுவேன்'னு தினம் தினம் பீத்திக்கிட்டீங்களே... அதை நம்பி, வீடாவது தப்பட்டும்னுதானே உங்க சாவியை உருவி, பட்டயத்தைக் கொண்டாந்து கூரையில சொருகினேன்!"